பின்னால் ஏறியவளின் பாரம்

மாங்குளம் பஸ்ஸில் எனக்கு முன்னால் உயர்தரம் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதாம். ஒருத்தியின் கையில், பாடம் மாற்றக் கேட்டு அதிபருக்கு எழுதிய கடிதம்.

“பௌதிகவியலை இண்டைக்கு விடுறன். விகிதம் எண்டாலே தலை சுத்துது.”

“எடியே, என்னைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு வெளிக்கிடேக்க எப்பிடி இருக்கும்?”

“அசையாது. நீ நெல்லு மூட்டையெல்லோ!”

“அதே பலத்தோடதான் பெடலை உழக்கிறாய், மொத்தப் பாரம் இரண்டு மடங்கெண்டா வேகம் பிடிக்கிறது?”

“அரைவாசி.”

“மூண்டு மடங்கெண்டா?”

“மூண்டில ஒண்டு.” கடிதத்தை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். “இதைத்தானோடி சேர் நேர்மாறு விகிதசமம் எண்டவர்?”

“ஓமடி.”

“பிறகேன் பலகையில தள்ளுவண்டில் படம் கீறினவர்? உன்னைக் கீறியிருக்கலாமே!”

கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு சைக்கிள் கீறினாள்.

“என்னடி, அதிபருக்குக் குடுக்கிற கடிதம்!”

“இனித் தேவையில்லை. நாளைக்கு நீ உழக்கு.”