அக்காவின் மற்றக் கிட்னி

ஒன்பது வருடங்களில் நான் ஒரு வேளைகூட மருந்துக் குளிசை தவறவிட்டதில்லை. காலை எட்டு, இரவு எட்டு. கிளினிக்குக்குப் புதிதாக வரும் நோயாளிகளுக்குத் தாதிமார் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நான் கவனமில்லாதவன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது, டொக்டர் ராசிக். அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் சத்திரசிகிச்சை செய்த அக்காவின் கிட்னி பழுதானதற்கு ஆஸ்பத்திரி மேலிடத்தில் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். வார்ட்டில் கதைத்தார்கள். உங்கள் கையில் பிழை இல்லை. எழுதியே தருகிறேன்.

எனக்கு இருபத்துநாலு வயதில் இரண்டு கிட்னியும் போயின. அக்கா ஜீவராணி தன்னுடையதில் ஒன்றைத் தந்தாள். நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு என் வயிற்றில் விரலால் தட்டிக் காட்டுவாள்.

"இவனில்லை, என்ர கிட்னிதான் இங்க நடந்து திரியுது."

வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவளிடம் ரியூஷனுக்கு வரும் பிள்ளைகள்வரை அந்தப் பகிடி தெரியும். நான் என்ன சாப்பிடுவது, எங்கே வேலை செய்வது எல்லாம் அவள் தீர்மானம். கொட்டாஞ்சேனையில் எனக்குத் துஷாந்தினியைக் கல்யாணம் பேசி முடிவாகும் நேரம், பெண்ணின் தாயிடம் தனியாகப் போனாள். மாற்றி வைத்த கிட்னி எத்தனை வருடம் ஓடுமென்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். சம்பந்தம் நின்றுபோனது. அவள் சொன்னது பொய்யில்லை. ஆகவே அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை.

போன வருடம் வவுனியாவில் ஒரு வேலை கிடைத்தது. போய்த் தனியாக இருக்கப்போகிறேன் என்றேன். அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போவன். என்ர சாமானை வச்சிட்டுப் போ."

வேலைக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவளிடம் எஞ்சியிருந்த கிட்னியில் கட்டி என்று ஸ்கேன் காட்டியது. நீங்கள் அவரைக்கொட்டை போல ஒரு படம் கீறி எனக்கு விளங்கப்படுத்தினீர்கள்.

"முழுசா எடுக்கிறது எனக்கு லேசு தம்பி. இவங்களுக்கு வேற இல்லையே."

இரத்தக் குழாயைக் கவ்வி அடைக்க வேண்டும். கிட்னியைச் சுற்றி ஐஸ் போட்டுக் குளிரவைத்து, கட்டியுள்ள துண்டை மட்டும் வெட்டித் தைத்துவிட்டுக் கவ்வியைத் திறக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் இரத்தம் திரும்புகிறதோ அவ்வளவுக்குக் கிட்னி மிஞ்சும். சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வந்து, கவ்வி இருந்தது இருபத்தாறு நிமிடம்தான் என்றீர்கள். நெற்றியில் வியர்வை காயவில்லை. அந்த இருபத்தாறு நிமிடத்தை நான் மதிக்கிறேன். அதை வீணாக்கியதற்கு உங்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பேன். வேறு யாரிடமும் கேட்கமாட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஹமீமா, நோவுக்குப் பனடோல் மட்டும்தான், வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்றார். எனக்குச் சொல்லத் தேவையில்லை. எந்தக் குளிசை கிட்னியைத் தின்னும் என்று ஒன்பது வருடம் படித்தவன் நான்.

அக்கா நோகுது என்றாள். நோவுக்குத்தான் கொடுத்தேன். கிட்னியைத் தின்னும் நோக்குளிசை என்று தெரிந்துதான் கொடுத்தேன். வெள்ளவத்தையைக் கடந்து போகும் காலி வீதியில் மூன்று பார்மசிகளில் மாறி மாறி வாங்கினேன். ஒருவர் யாருக்கென்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் முழங்காலுக்கு என்றேன். அம்மா செத்துப் பதினொரு வருடம். ஆஸ்பத்திரி தந்த குளிசைப் பையிலேயே போட்டு வைத்தேன். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்னடா, சின்னனா இருக்கு?"

"வேற கொம்பனி."

"நீ சொன்னாச் சரி. குளிசையில நீதானே புரொபெசர்."

அடிக்கடி எழும்பினால் தையல் இழுக்கும் என்று சொல்லித் தண்ணீரையும் குறைத்தேன். சிறுநீர் அளவு எழுத நீங்கள் தந்த தாளில் நல்ல இலக்கங்களாகப் பார்த்து எழுதினேன். முதல் கிளினிக் தவணையைக் காய்ச்சல் என்று தள்ளிப் போட்டேன். இப்படி ஐந்து கிழமை ஓடியது. அவளுக்கு நோவு குறைந்தது. நன்றாக நித்திரை கொண்டாள்.

நான் அவளைக் கொல்லவில்லை. கொல்ல நினைக்கவுமில்லை. கிழமைக்கு மூன்று நாள் அவளை டயலிசிஸ் மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். தனக்கென்று ஒன்றும் இல்லாதவள் இனி என் வயிற்றில் தட்டமாட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

போன செவ்வாய் காலை மெஷினில் படுத்தபடி என்னைக் கிட்ட வரச் சொன்னாள். தட்டவில்லை. சேட்டுக்கு மேலால் உள்ளங்கையை வைத்தாள்.

"நல்ல காலமடா கிருபா. ஒண்டையாவது உன்னட்டக் குடுத்து வச்சன். அதாவது தப்பிச்சுது."

மணி எட்டு. அவள் கையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு என் குளிசையைப் போட்டேன்.

அவள் சொல்வது பிழை, டொக்டர். தப்பியது என்னுடைய கிட்னி.