கிணறு இருந்த இடத்தில் மறுகன்று

சவுக்கு நட்டவனுக்கு முதல் மூன்று மாதம்தான் சிரமம். அப்புறம் ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், நாலாம் வருடம் வெட்டுக்கு வந்துவிடும். என் கன்றுகளுக்கு இப்போது இரண்டரை மாதம். அதனால்தான் எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

என் பெயர் செங்கோட்டையன். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்கள் விவசாயக் காடு. வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், நீங்களும் சரி என்றீர்கள். எழுத உட்கார்ந்ததிலிருந்து நாலு தரம் எழுந்துவிட்டேன். ஏட்டையா முறைக்கிறார். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். வரிசையில் ஒரு கன்று பட்டுப்போனால்கூட எனக்குச் சோறு இறங்காது, அந்த இடத்தில் மறுகன்று வைத்தால்தான் மனசு அடங்கும்.

காட்டை எனக்கும் அண்ணன் நாச்சிமுத்துவுக்கும் அப்பா பிரித்துக் கொடுத்தார். கிணறு மட்டும் பொது. அது விழுந்தது என் பங்கின் நட்டநடுவில். போன தடவை சவுக்கு வைத்தபோது வரிசையெல்லாம் நேராக வந்து அந்த அறுபதடிப் பள்ளத்தில் போய் முறிந்து நின்றது. பக்கத்திலேயே தோண்டிப் போட்ட மண்மேடு வேறு. அந்தச் சவுக்கை வெட்டுவதற்குள் கிணறும் வற்றிப்போனது. மரம்தான் தண்ணீரைக் குடித்துவிட்டது என்று அண்ணன் சொன்னார். இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

வறண்ட கிணற்றை மூடிவிட்டு மறுபடி நடலாம் என்று அண்ணனிடம் ஒரு வருடமாகக் கேட்டேன். பொதுக் கிணற்றை ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் மூட முடியாது, உங்களுக்குத் தெரியும். அவர் கோபப்படவில்லை. ‘ஊத்துக்கண்ணு அடைச்சிருக்குது சாமி, செத்துப் போவுல. அது கெடக்கட்டும்’ என்றார். என்னை எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

அன்று ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். அண்ணனும் அவர் சம்சாரம் காளியாத்தாளும் போவதாகச் சொன்னார்கள். அண்ணன் சம்சாரத்தை நாங்கள் நங்கை என்போம். அவர்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து ஜேசிபிக்குச் சொல்லிவைத்தேன். மூடிய பிறகு அண்ணன் நாலு நாள் பேசாமல் இருப்பார், அப்புறம் சரியாகிவிடும். நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் காலையில் நங்கை மட்டும் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

ஜேசிபி ஓட்டிய கவினுக்கு எதுவும் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் கேபினுக்குள் ஒன்றும் கேட்காது. மேட்டு மண்ணைத் திரும்ப உள்ளே தள்ளச் சொன்னேன், தள்ளினான். மத்தியானத்துக்குள் தரை சமமாகிவிட்டது. அண்ணன் கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னேன். நம்பினார்கள். அடுத்த வாரம் நட்டேன். முதல் தடவையாக வரிசைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முறியாமல் போயின. அவ்வளவு நிறைவாக இருந்தது.

பத்தே நாளில் அந்த இடம் மட்டும் உள்வாங்கியது. மண் கொட்டி மறுகன்று வைத்தேன். மறுபடி இறங்கியது, கன்று அழுகியது. மூன்று தடவை வைத்தேன். கொளுத்துகிற வெயிலில் காடெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் காலை வைத்தால் சேறு. ராத்திரி பகல் என்றில்லாமல் போய்ப் போய்ப் பார்த்ததில் என் காலடி ஒரு தடமாகவே விழுந்துவிட்டது. அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் நங்கை வந்தார். நான் மறுகன்றுக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தேன். சேற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

‘கோவிச்சுட்டுப் போறவரு கடப்பாரையவாங்க எடுத்துட்டுப் போவாரு?’ என்றார். நான் குழியைத் தொடர்ந்து வெட்டினேன். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

கிணற்றில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன், பதில் இல்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, ஐயா. கவின் வண்டியை மேட்டுக்குக் கொண்டுவரும் முன்பே நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் அடியில் கடப்பாரையோடு நின்றார். நான் கூப்பிடவே இல்லை. அவர்தான் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

‘சாமி, ஊத்து தெறந்துக்கிச்சு. கெண்டைக்கால் மட்டுக்கும் தண்ணி. எறங்கி வந்து பாரு’ என்றார்.

அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தண்ணீர் வந்துவிட்டது. இனி அவர் அதை மூட விடப்போவதில்லை. சாகும்வரை என் வரிசைகள் அங்கே முறிந்துதான் நிற்கும். திரும்பிக் கவினைப் பார்த்துத் தள்ளு என்று கையைக் காட்டினேன். முதல் மண் விழுந்தபோது, ஆள் இருப்பது தெரியாமல் தள்ளுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. நான் இருக்கிறேன், நிறுத்தச் சொல்லு என்று என்னிடம்தான் சொன்னார். இரண்டாவதுக்கும் சொன்னார். மூன்றாவதுக்குச் சத்தம் இல்லை.

நான்தான் கொன்றேன். அதை எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறேன் என்று பொய் சொன்னது அவர்தான், ஐயா.