முதலைப் படத்துக்கு நான் போட்ட புள்ளி

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, மேடம். சீனி மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலசிலாங்கூரில் இத்தனை வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தாயிற்று, எதைப் பார்த்தாலும் மனம் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட ஆரம்பித்துவிடுகிறது.

அந்தப் பழக்கத்துக்காகத்தான் சரண் என்னைக் கூப்பிட்டான். என் பழைய மாணவன். ரவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்னதாகக் கம்பெனி நடத்துகிறான். பிள்ளைகள் வாங்கிச் சேர்த்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் அட்டைகள் இருக்கின்றனவே, அதில் நம் பக்கத்து உயிரினங்களை வைத்துப் புதிதாக ஒரு தொகுப்பு போடுகிறான். மின்மினி, நீர்நாய், எஸ்டேட் ஆந்தை, ஆற்று முதலை. படங்களுக்குப் போட்டி வைத்திருந்தான். ஜெயிப்பவருக்கு அவனிடமே ஒரு வருட வேலை, தங்குவதற்கு அறையோடு. நடுவர் ஒருவர் உடம்பு முடியாமல் விலகிக்கொண்டதால் கடைசி நேரத்தில் என்னைப் பிடித்தான். வீட்டில் நான் சொல்லவில்லை. என் மனைவி யூஜினியாவிடம் வெளி விஷயம் பேசுவது வழக்கமில்லை. அவளுக்கு இதெல்லாம் புரியாது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அட்டை அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்போம். அந்தத் தூரத்திலும் படம் ஆளைப் பிடித்து இழுக்க வேண்டும். வந்ததில் பாதிக்கு மேல் பளபளப்புதான், உயிரில்லை. ஒரு முதலை மட்டும் இழுத்தது.

சட்டை போட்ட முதலை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. கைக்கடிகாரம் மணிக்கட்டின் உட்பக்கமாகத் திரும்பியிருந்தது. தட்டில் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம், ஒன்றோடொன்று படாமல். பின்னால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் இடது கை மட்டும் தெரிந்தது.

"சார், இதுதான்லா. சிரிப்பும் வருது, பயமாவும் இருக்கு," என்றான் சரண். இன்னொரு நடுவர், மலாய்க்காரப் பெண், முழுப் புள்ளியை எழுதிவிட்டாள்.

நான் என் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டேன். அது எங்கள் வீட்டுத் திரைச்சீலை, எங்கள் மேசை. நான் சாப்பிடுகிற விதம் அப்படித்தான். கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் கோபத்தைவிடப் பெரியது பயம். ஜெயித்தால் யூஜினியா போய்விடுவாள். எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து வரைந்து, என்னைவிட்டுப் போக வழி தேடியிருக்கிறாள்.

அதனால் நடுவராகப் பேசினேன். "திரைச்சீலைய புடிச்சிருக்கிற அந்தச் சுண்டுவிரல பாருங்க. எந்த மனுசனுக்கு இப்படிக் கோணிக்கிட்டு இருக்கும்? இது ஏஐ போட்டது." கணினிக்கு விரல் சரியாக வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சரணின் முகம் தொங்கிவிட்டது.

யூஜினியாவின் சுண்டுவிரல் அப்படித்தான் இருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் ராசா என்கிற ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கினாள். கீழே வைக்கச் சொன்னேன், வைக்கவில்லை. பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கடைசி விரல் கொஞ்சம் பிடிவாதம் செய்தது. டாக்டரிடம் போகாமலே ஆறிவிட்டது, கோணலாக.

சரண் இளகிய மனசுக்காரன். உடனே தள்ளிவிட வேண்டாம், வரைந்தவரை நேரில் கூப்பிட்டு நம் முன்னால் வரையச் சொல்வோம் என்றான். எனக்கு மறுக்க வழியில்லை. மறுநாள் யூஜினியா மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழம ரவாங் வரைக்கும் போவணுங்க. படம் வரைய கூப்பிட்டிருக்காங்க. நானே பஸ்ல போய்க்கிறேன்."

அவள் குரலில் பயமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் எதற்கு, நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். நன்றி சொன்னாள்.

சனிக்கிழமை காலை பென்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உட்காரும்போது கதவுச் சட்டத்தை வலது கையால் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். வரைகிற அந்தக் கையை அவள் எடுக்கும் முன் கதவைச் சாத்தினேன்.

கை தவறிவிட்டதா என்று நீங்கள் மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். முதலில் சாத்தியபோது கதவு சரியாக மூடவில்லை, மேடம். திறந்தேன். அவள் கையை இழுத்துக்கொள்வதற்குள் இன்னொரு தடவை சாத்தினேன்.

கிளினிக்குக்கும் நானேதான் கூட்டிப்போனேன். கட்டுப் போட்டார்கள். நான் காரை எடுத்து வரப் போயிருந்த நேரத்தில் டாக்சி பிடித்து நேராக ரவாங்குக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒன்றும் வரையவில்லையாம். படத்துக்குப் பக்கத்தில் இடது கையை மேசைமேல் வைத்தாளாம். அவர்கள் அந்த விரலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்களாம்.

"இது மெசின் செஞ்சது இல்ல, தம்பி. எங்க வீட்டுக்காரர் செஞ்சது," என்றாளாம். என் பெயரையும் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் சரண் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருக்கிறான்.

எழுதிக்கொள்ளுங்கள். படம் அவளுடையது என்று எனக்குப் பார்த்ததுமே தெரியும். தெரிந்தேதான் பொய் சொன்னேன். அந்த விரலை உடைத்தது நான். கதவை இரண்டு தடவையும் வேண்டுமென்றேதான் சாத்தினேன். அவளை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

முதலையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், வேலையும் அவளுக்கேயாம். நடுவராகக் கேட்டால் நியாயம்தான் என்பேன். பத்துக்கு ஒன்பது தாராளமாகப் போடலாம். ஒன்றைக் குறைப்பது கோபத்தால் இல்லை. அந்த முதலையின் கண்ணில் அவள் துளி அன்புகூட வைக்கவில்லை, மேடம். படம் முழுக்கப் பார்த்துவிட்டேன், அது ஒன்றுதான் பொய்.