அழகுமீனா பாட வேண்டிய பாட்டு

வெயில் காலத்தில் எங்கள் கம்பெனியில் காலை ஆறரைக்கே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் ஆபத்தான வேலைகளை முடித்துவிட வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பட்டாசு வேலையில் பதினெட்டு வருடமாக ஐந்து மணிக்கு எழுந்து பழகியவன் நான். இங்கே லாக்கப்பிலும் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. சொல்கிறாயா, எழுதித் தருகிறாயா என்று கேட்டீர்கள். எழுதியே தருகிறேன். தினமும் ரெஜிஸ்டர் எழுதிய கை, எழுத்து அழகாகவே இருக்கும்.

என் பெயர் ஊர்க்காவலன். வயது ஐம்பத்திரண்டு. நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். யார் எந்த அறையில் உட்கார வேண்டும், ஓர் அறைக்குள் எத்தனை பேர், எவ்வளவு மருந்து போகலாம் என்பதெல்லாம் என் பொறுப்பு. மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கும் கலவை, எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பெயர். முதலாளி மாதம் இரண்டு தடவை காரில் வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் அங்கே என் சொல்தான்.

பாடகி அழகுமீனாவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டரின் போன் அடித்தால்கூட அவள் குரல்தான் கேட்கிறது. அவள் எங்கள் ஊர்ப் பெண். அவள் அம்மா மாடத்தி ஒன்பது வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் நடந்த விபத்தில் இறந்தாள். அப்போது நான் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மாடத்தி துணிப் பொட்டலமாகத்தான் திரும்பி வந்தாள். மூத்தவள் பாண்டிச்செல்வி மயங்கி விழுந்துவிட்டாள். இளையவள் அழகுமீனாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் பக்கத்தில் போய், எதையாவது சொல்லி அழுதுவிடு, உள்ளேயே வைத்திருக்காதே என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் பாடினாள்.

"தூக்குச்சட்டிக் கஞ்சி ஆறிப்போச்சே, என்னப் பெத்தவளே, தொறந்து பாக்க நீ வரலியே" என்று தொடங்கியது அந்தப் பாட்டு. வேலைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். அன்று சாயங்காலம் மாடத்தியுடையது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் பாடினாள். அங்கே இருந்த ஆண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். என் வாழ்க்கையில் நான் உண்மையாக அழுதது அந்த ஒரு நாள்தான். என் அம்மா போனபோதுகூட அப்படி அழுததில்லை.

யாரோ அதைப் போனில் பிடித்துப் பரப்பினார்கள். ஒரு வாரத்தில் திருத்தங்கலிலிருந்து சென்னை வரைக்கும் போய்விட்டது. பிறகு சினிமா, மேடை, வெளிநாடு. எத்தனையோ பேட்டி கொடுத்தாள். அன்று வாயைத் திறக்கச் சொன்னது யார் என்று எதிலும் அவள் சொன்னதில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

அக்கா பாண்டிச்செல்வி எங்கள் கம்பெனியில் பாக்கிங்கில் இருந்தாள். தங்கை சென்னைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அம்மா இறந்த பிறகு மருந்து அடைக்கும் அறைப் பக்கமே போக மாட்டேன் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். நானும் சம்மதித்தேன். எங்கள் தரைச்சக்கரப் பெட்டியில் அழகுமீனா படத்தைப் போட்டிருந்தோம். தங்கை முகத்தை அக்காவே நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருப்பாள்.

இந்தத் தேர்தலில்தான் எல்லாம் கெட்டது. ரத்தினசாமிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அழகுமீனா கைகூப்பிப் பேசும் வீடியோ ஒன்று போனில் வந்தது. ரத்தினசாமி வேறு யாருமில்லை, மாடத்தி எரிந்துபோன கம்பெனி முதலாளியின் மைத்துனர். முதல் இரண்டு நாள் யாரும் நம்பவில்லை. கம்ப்யூட்டரில் செய்த பொய் என்றார்கள். மூன்றாம் நாள் அவளை மிரட்டியிருப்பார்கள் என்றார்கள். அப்புறம் சினிமாவில் ஏதோ சிக்கல், அதை இவர் தீர்த்து வைத்தாராம் என்றார்கள். டீக்கடைக்கு ஒரு காரணம், பஸ்ஸுக்கு ஒரு காரணம். பஸ் ஸ்டாண்ட் பேனரில் அவள் கண்ணை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். நான் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டேன், எவரையும் நம்பவில்லை.

எங்கள் பாக்கிங்கில் மூத்தவள் அய்யம்மாள். பழைய கம்பெனியில் மாடத்தியோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவள். அவள் ஒரு நாள் காலையில் அழகுமீனா படத்தைத் தலைகீழாக ஒட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் அப்படியே ஒட்டினார்கள். மதியத்துக்குள் நூறு பெட்டிக்கு மேல் அவள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி ஒவ்வொன்றாக ஈரத்துணி வைத்து உரித்து, நேராக ஒட்டினாள். அன்றிலிருந்து அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கம்பெனி வேனில் அவள் ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள். நான் தலையிடவில்லை. பொம்பளைகள் சண்டையில் போர்மேன் தலையிட்டால் வேலை நின்றுவிடும்.

பிறகு விருதுநகர் பொதுக்கூட்டம் வந்தது. அழகுமீனா நேரில் வருகிறாள் என்றதும் எல்லோருக்கும் போயே ஆக வேண்டும். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றாள் அய்யம்மாள். மூன்று மணிக்கே வேலையை நிறுத்தினேன். ஐந்தாம் அறையில் கொஞ்சம் மருந்து மீதி இருந்தது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கவே கூடாது. அதற்குத் தானாகச் சூடேறும் குணம் உண்டு. மீதியைத் தண்ணீரில் நனைத்து அன்றன்றைக்கே அழித்துவிட்டு, 'மீதி இல்லை' என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டு ஓடினேன். கையெழுத்து மட்டும் போட்டேன். அது அசட்டை. பதினெட்டு வருடத்தில் ஒரே தடவை.

கூட்டத்தில் அவள் பட்டுப்புடவையில் வந்தாள். நாலு வார்த்தை பேசினாள். பிறகு அந்த மெட்டை எடுத்தாள். அதே மெட்டுத்தான். ஆனால் "தூக்குச்சட்டி நெறையுமம்மா, நம்ம அண்ணாச்சி செயிச்சு வந்தா" என்று பாடினாள்.

பின்னால் தபேலா, கீபோர்டு. இளவட்டங்கள் விசிலடித்து ஆடினார்கள். அய்யம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டில் எனக்கு ஞானம் கிடையாது. ஆனால் ஒன்று தெரிந்தது. குரல் முன்பைவிட மெருகேறியிருக்கிறது, துக்கம் மட்டும் போய்விட்டது. வயிறு நிறைந்தவள் பாட்டு அது. அவளிடம் இருந்த ஒரே உண்மையான பொருளை அவள் தொலைத்துவிட்டாள், அதைத் தொலைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை என்று எனக்குப் பட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐந்தாம் அறையைத் திறந்தேன். கையில் தண்ணீர் வாளி இருந்தது. மருந்து வைத்த பாத்திரம் மூலையில் மூடியபடி இருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாளியை வெளியிலேயே வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்குப் படபடப்பு எதுவும் இல்லை.

பாண்டிச்செல்வி எல்லோருக்கும் முன்பே நடந்து வந்திருந்தாள். வேனில் ஏற முடியாதே. கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள்.

"மாமா, ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். அவ மேல தப்பில்ல. நாந்தேன் பாடச் சொன்னேன்" என்றாள். "தீக்காயத்துக்குன்னே இங்கன ஒரு பெரிய ஆஸ்பத்திரி கொண்டாரேன்னு அவரு எங்க வீட்டுக்கே வந்து சத்தியம் பண்ணுனாரு. மதுரைக்குப் போயிச் சேருததுக்குள்ளதான மாமா அம்மா போயிட்டா. யாரு செஞ்சா என்ன, வந்தாச் சரிதான்னு நாந்தேன் அவ கையப் பிடிச்சுக் கேட்டேன்."

இதை ஏன் மற்றவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றாள். அதில் தவறில்லை, நானும் நம்பவில்லை. ராத்திரி முழுக்க யோசித்து வந்து சொல்கிற காரணம் போல இருந்தது. இப்போது நினைத்தால் உண்மையாக இருக்கலாம். அதனால் எதுவும் மாறப்போவதில்லை.

இன்றைக்கு ஒரு நாள் தனியாக எங்காவது உட்காரட்டுமா என்று அவளேதான் கேட்டாள். இதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் அறை காலி, அங்கே உட்கார் என்றேன். அவள் முகம் மாறியது. அம்மா போனதற்கு அப்புறம் மருந்து அறை வாசலைக்கூட மிதித்ததில்லையே என்றாள்.

"ஒரு நாளைக்குத்தானம்மா. அங்கன கொஞ்சம் மருந்து கெடக்கு. அத மட்டும் அடைச்சு முடிச்சிரு, நாளைக்கு ஒன் எடத்துக்கே வந்துரலாம்" என்றேன்.

"சரி மாமா. நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

அறையில் வேலை பார்க்கிற பெண்ணாக இருந்தால் பாத்திரத்தைத் திறந்ததுமே முந்தின நாள் மருந்து என்று கண்டுபிடித்து என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருப்பாள். ஒன்பது வருடம் பெட்டி ஒட்டியவளுக்கு அது தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவள் உள்ளே போனதும், பக்கத்து அறை ஆட்களை எல்லாம் லோடு ஏற்ற வேண்டும் என்று சொல்லி மறுகோடி ஷெட்டுக்கு அனுப்பினேன். எட்டு நாற்பதுக்குச் சத்தம் கேட்டது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதையும் நீங்கள் உங்கள் ரெக்கார்டில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை.

மதுரைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஊர் பேசியதைக் கேட்க வேண்டுமே. ரத்தினசாமியின் எதிர்க்கட்சிக்காரர்கள் செய்த சதி என்றார்கள். அனுதாப ஓட்டுக்காக ரத்தினசாமியே செய்தார் என்றார்கள். மாடத்தி ஆவியின் கோபம் என்று ஒரு பக்கம் ஓடியது. லேபிளைத் தலைகீழாக ஒட்டிய பாவம்தான் என்று அய்யம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். எனக்கு ஒரு பெண் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்து, சாப்பிடாமல் இருக்காதீர்கள் என்றாள்.

மறுநாள் மதியம் பாண்டிச்செல்வியைக் கொண்டுவந்தார்கள். அழகுமீனா சென்னையிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். பட்டு இல்லை, பூச்சு இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் பார்த்த அதே முகம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தத் தடவை பாட்டைப் பிடிக்க வேறு யாரையும் நம்பியிருக்கக் கூடாது என்று என் போனில் இருந்த பழைய படங்களை எல்லாம் அழித்து இடம் பண்ணி வைத்திருந்தேன். கிட்ட போய் உட்கார்ந்தேன். எதையாவது சொல்லி அழுதுரும்மா என்றேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பெண்கள் மாரடித்து ஓய்ந்துவிட்டார்கள். தூக்கப் போகும் நேரத்தில்தான் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அக்காவ அஞ்சாம் ரூம்ல யாரு உக்காரச் சொன்னா?"

அவளேதான் கேட்டாள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். அதில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. எழுந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள். ஊரில் அத்தனை பேர் அத்தனை பேரைச் சந்தேகப்பட்டபோது, சரியான ஆளைச் சந்தேகப்பட்டவள் அவள் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆகவே, பாண்டிச்செல்வியைத் தெரிந்தேதான் அந்த அறைக்கு அனுப்பினேன். அங்கே என்ன நடக்கும் என்பதும் தெரியும். வேறு யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்யவில்லை. எந்தக் கட்சிக்கும் இதில் சம்பந்தம் இல்லை. பாண்டிச்செல்வி மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது, நல்ல வேலைக்காரி.

அழகுமீனா மேலும் கோபமில்லை. துக்கம் தொண்டைக்கு ஏறி வர நாளாகும். பதினாறாம் நாள் விசேஷத்தில் நிச்சயம் பாடுவாள். என் போன் உங்கள் மேஜை டிராயரில் இருக்கிறது. அன்றைக்கு அதை நன்றாகச் சார்ஜ் போட்டு, விவரம் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவரிடம் கொடுத்து அனுப்புங்கள். முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.