சுவரை ஒட்டி

எனக்கு டீ கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். ஆறிப்போனால் தொடமாட்டேன். வீட்டுக்காரி போன பிறகு அந்தச் சூடு தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அவளையும் மாப்பிள்ளையையும் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை மேல் எனக்குப் பகை கிடையாது. நம்பிக்கையும் கிடையாது. சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. சைக்கிளில் போய் வருவான். ஒருநாள், வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறோம், நீங்களும் வாருங்கள் மாமா என்றான். மருமகன் வீட்டு மூலையில் உட்கார்ந்து தட்டு நீட்டுகிற ஆள் நான் இல்லை. மகள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்பெனிக்குப் போகிற வழியில் ஒரு குறுகலான பாலம். இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர். அவன் அதில் நட்டநடுவே ஓட்டுவான். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரனை அடித்து, அப்பன் வீட்டு ரோடா என்று கேட்பார்கள். கடைக்குப் போன மகள் அதைக் காதால் கேட்டுவிட்டு வந்து கலங்கிப்போனாள்.

"அப்பா, முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு நீங்க. எங்க ஓட்டணும்னு நீங்களே அவருக்குச் சொல்லுங்க."

லாரி ஓட்டினவனுக்குத்தான் தெரியும். முன்னால் சைக்கிள் நடுவே போனால் வாயில் கெட்ட வார்த்தை வரும். ஆனால் கால் பிரேக்குக்குப் போய்விடும். எதிரே காலியாகும்வரை காத்திருந்து, முழுசாக விலகித்தான் முந்துவோம். ஓரமாகப் போகிறவனைப் பார்த்தால் கால் அசையாது. இடம் இருக்கிறது, நுழைந்துவிடலாம் என்று தோன்றும். முன்பக்கம் நுழைந்துவிடும். பின்சக்கரத்தின் சங்கதி அப்புறம்தான் தெரியும். சுவரோரம் இருப்பவனுக்கு ஒதுங்கவும் வழி கிடையாது.

"ஓரமா போங்க மாப்பிள்ளை" என்றேன். "சுவரை ஒட்டிப் போங்க."

அவன் சிரித்தான். "நடுவுல போனா திட்டுறாங்க மாமா, ஆனா நிக்கிறாங்க. ஓரத்துல போனா காதை உரசிட்டுப் போறாங்க."

முட்டாள் இல்லை. தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். நான் மகள் பக்கம் திரும்பினேன். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேக்காதே." அது போதுமாக இருந்தது. அவன் ஒத்துக்கொள்ளும்வரை அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரமே ஒரு ஜல்லி லாரி வந்தது. ஓட்டியவன் மீசை முளைக்காதவன். போலீஸ்காரர் காலைப் பிடித்துக்கொண்டு, "இடம் இருக்குன்னு நினைச்சேன் சார்" என்று அழுதான். அவன் சொன்னது பொய்யில்லை. இருந்தாலும் கன்னத்தில் ஒன்று வைத்தேன். மாமனார் சும்மா நின்றால் பார்க்க நன்றாக இருக்காது.

"நடுவுலதான் போயிருப்பாரு. நீங்க அவ்வளவு சொல்லியும் கேட்டிருக்க மாட்டாரு" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். சைக்கிள் சுவரோடு ஒட்டிக் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அழுது முடிக்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பிறகு இரண்டு பேருமாகச் சாக்கைப் பிரித்து, பாத்திரங்களை அலமாரியில் பழையபடி அடுக்கினோம்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. கம்பெனியில் அவன் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். கோணிப்போன சக்கரத்தை நிமிர்த்தி வாங்கிவந்து, சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"அப்பா, பாலத்துல நான் எங்க ஓட்டணும்?"

நடுவே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவரை ஏன் ஓரமாகப் போகச் சொன்னீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். பெற்றவனை ஒரு பெண் அந்தக் கண்ணால் பார்க்கக்கூடாது.

"ஓரமா போம்மா" என்றேன். "சுவரை ஒட்டிப் போ."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. தினமும் அப்படித்தான் போகிறாள். கிளம்புவதற்கு முன் எனக்கு டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுகிறாள். மத்தியானத்துக்குள் சூடு போய்விடுகிறது. அது ஒன்றுதான் குறை.