பச்சையம்மாள் உறையில் வைத்த படம்

அருணை நகரில் பதினேழு ஆண்டுகள் எங்கள் பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையை ஆண்ட அன்பரே! ஐயப்படுவதையே அறமாகவும், அளந்து பார்ப்பதையே அணிகலனாகவும் கொண்ட பரசுராமன் ஐயா அவர்களே! பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களை வணங்குகிறோம்.

1989இல் பணியேற்ற நாள் முதல் தாங்கள் எவரையும் நம்பியதில்லை. “பீடியெல்லாம் கிடையாதுங்க” என்று சத்தியம் செய்தவரை எதிர் டீக்கடை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். “சுகர் இல்லீங்க” என்றவரிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டீர்கள். 1997இல் தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டும் சிகிச்சையை நாங்கள் தொடங்கியபோது தங்கள் சந்தேகத்துக்குத் தக்க தொழில் வாய்த்தது. போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் அருகருகே வைத்து, திருகின் மரைகளில் எத்தனை எலும்புக்கு வெளியே தெரிகின்றன என்று எண்ணுவீர்கள். இனி எவருக்கு, எப்போது, எவ்வளவு எலும்பு கரையும் என்று படம் வைக்கும் உறைமேல் பென்சிலால் எழுதுவீர்கள்.

பெரும்பாலும் பலித்தது. அதனாலேயே தங்கள்மேல் எங்களுக்குச் சந்தேகம். கருநாக்கு என்றனர் சிலர். நோயாளிகளைப் பயமுறுத்தி வேலூருக்கு அனுப்புகிறார் என்றனர் சிலர். அப்படிச் சொன்னவர்களில் முதல்வன், இம்மடலை எழுதி வாசிக்கும் தலைமை மருத்துவனாகிய நான்தான்.

2001இல் தங்கள் குட்டை உடைக்கத் துணிந்தேன். சென்னையில் நான் கட்டிக்கொண்ட திருகுப் பல்லின் படங்களை, நம்மிடம் திருகுப் பல் கட்டிய கீழ்பென்னாத்தூர் பச்சையம்மாள் பெயர் எழுதிய உறையில் வைத்து அனுப்பினேன். “ஒரு வருடத்தில் இரண்டு மரை அளவு எலும்பு போகும். புகை காரணம்” என்று எழுதினீர்கள். பச்சையம்மாளோ புகையை அறியாதவர். வருடம் கழிந்து பார்த்தால் அவர் எலும்பு கல்லாக இருந்தது. மருத்துவமனையே சிரித்தது. இனி உறைமேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்று ஆணையிட்டேன்.

அதே வாரம் சென்னையில் எனக்கு எடுத்த படத்தில் இரண்டு மரை வெளியே தெரிந்தது. அதை ஒளித்துவிட்டேன். தாங்கள் எழுதாமல் போன குறிப்புகளால், எச்சரிக்க ஆளின்றி எத்தனை பேர் பல்லை இழந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று தங்கள் முன் நின்று உண்மையைச் சொன்னேன். தாங்கள் திடுக்கிடவில்லை.

“அது நம்ம ஆஸ்பத்திரியில போடற திருகு இல்லனு அன்னிக்கே தெரியும் சார். உறையில சிகரெட் வாடை வேற. உங்களுக்குனுதான் எழுதினேன். பார்த்துட்டு சிகரெட்ட விட்டுடுவீங்கனு நம்பினேன்.”

நான் விடவில்லை. அந்தப் பல் போன வருடம் விழுந்தது. ஊரையே சந்தேகித்த தாங்கள் நம்பியது என் ஒருவனைத்தான் ஐயா.

சிரித்தவர்களை மன்னியுங்கள், சிரிக்க வைத்தவனைத் தங்கள் விருப்பம்போல் செய்யுங்கள். அண்ணாமலையார் அருளால் தளராத உடலும் தெளிந்த கண்ணும் பெற்றுத் தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும்.

ஊழியர்கள் இதை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். அதனால் கீழே அவர்கள் கையெழுத்து இல்லை.

விஸ்வநாத்
தலைமை மருத்துவர்
திருவண்ணாமலை, 30.6.2006