பின் கதிரையில் கூறைச்சேலை

நெடுந்தீவுப் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். எனக்குப் படிப்பு ஏறாவிட்டாலும் காது நன்றாக வேலை செய்யும்.

"என்ரை மனுசன் சுவிசிலை சண்டைப் பிளேன் செய்யிறார் அக்கா," என்றாள் இளையவள்.

நான் மிதவை அங்கியை இறுக்கிக் கட்டினேன்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"சின்னப் பிளாஸ்ரிக் பிளேன். வேலையாலை வந்து ஒட்டிப் பெயின்ற் அடிக்கிறவர். போனிலை காட்டினவர். ரெண்டு கதிரை, ரெண்டிலையும் குட்டிப் பொம்மை. முன்னுக்கு அவர்."

"பின்னுக்கு?"

"நான். கூறைச்சேலை நிறம் அடிச்சிருக்கிறார்."

"சண்டைக்குப் போகக் கூறையோ!"

"மேல் கண்ணாடி மூடி மட்டும் இன்னும் ஒட்டேல்லை."

"பசை முடிஞ்சுதாக்கும்."

"இல்லை அக்கா. எனக்கு விசா கிடைச்சு, நான் போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் ஒட்டுவாராம். நாலு வருசமாச்சு. என்னிலை தூசு படியுதெண்டு ஞாயிறு ஞாயிறாய்த் துடைக்கிறார்."